விரிப்பில் விட்டு வந்த ஷூக்கள்

தகுதிப் போட்டியில் தோற்றதும் ட்ரெவர் ஹாஃப்ஸ்டெட் மல்யுத்த விரிப்பின் நடுவிலேயே உட்கார்ந்து ஷூக்களைக் கழற்றினான். அவற்றை அங்கேயே விட்டுவிட்டு மெல்ல நடந்தான். ஓய்வு பெறும் வீரன் அப்படித்தான் விடைபெறுவான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்த அந்த அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

உடை மாற்றும் அறையில் கோச் லோவெல் அவனைக் கட்டிக்கொண்டார். "பன்னிரண்டு வருஷம்டா! அழ வச்சுட்டியே, பாவி!"

"கோச், ஒண்ணு சொல்லணும்..."

"எதுவும் சொல்லாதே. நீ ரிட்டயர் ஆயிட்டேன்னு ரேடியோவுலகூடச் சொல்லிட்டான். உன் எடைப் பிரிவுக்கு உனக்குப் பதிலா ஒரு நெப்ராஸ்கா பையனைப் பேசி முடிச்சுட்டேன்."

"அய்யோ, அடுத்த மாசப் போட்டிக்கு நான் பேர் குடுத்திருக்கேன் கோச்!"

"அப்புறம் எதுக்குடா ஷூவைக் கழட்டினே?"

ட்ரெவர் வலது காலைத் தூக்கிக் காட்டினான். கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. "வலி தாங்கல. எடுத்துட்டு வரலாம்னு குனியறதுக்குள்ள எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் எடுக்க வெட்கமா இருந்தது."

அப்போது கதவு திறந்தது. ட்ரெவரின் அப்பா உள்ளே வந்தார். மகன் எத்தனை முறை ஜெயித்தும் ஒரு வார்த்தை பாராட்டாத மனிதர். இப்போது கண்கள் சிவந்திருந்தன.

"ஷூவை விட்டுட்டு நீ விடைபெற்றப்போ வந்த பெருமை, நீ காலேஜ் சாம்பியன் ஆனப்போகூட எனக்கு வரலடா," என்றார்.

ட்ரெவர் கோச்சைப் பார்த்தான்.

"ரொம்ப நாளா யோசிச்சு எடுத்த முடிவுப்பா," என்றான்.