கதவின் உட்பக்கம்

“எல்லாரும் அலமாரிப் பொட்டிய விட்டுட்டுக் கதவ மாத்துவாங்க. நீ கதவ விட்டுட்டுப் பொட்டிய மாத்தச் சொல்ற. வர்றவ சிரிக்க மாட்டாளாடா?” அக்கா வாசுகியின் குரல் தெருமுனை வரை கேட்டது.

“கதவத் தொட்டா கல்யாணமே வேணாங்க்கா,” என்று தனசேகரும் கத்தினார்.

மனைவி செண்பகம் இறந்து வருடம் திரும்பியதும் அக்கா பார்த்துவைத்த இரண்டாம் கல்யாணம். சமையலறை அலமாரிக்காக அதையே வேண்டாம் என்கிறாரே, தாலி கட்டவும் கதவைத் தூக்கிக்கொண்டு போவாரோ என்று தெரு வாய்பொத்திச் சிரித்தது. கடைசியில் கதவு தப்பியது.

அடுப்படியில் வேர்க்கும்போதெல்லாம் செண்பகம் நெற்றிப்பொட்டை எடுத்து அந்தக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைப்பாள். திரும்ப எடுக்க மறந்தவை அங்கேயே இருந்தன. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வந்த மறுநாளே புது மனைவி கோமதி எண்ணெய் தடவிப் பொட்டுகளைச் சுரண்டியெடுத்துக் கதவைத் துடைத்தாள். “ஒரே பிசுக்குங்க. இப்பப் பாருங்க.”

பார்த்தார். பொட்டு இருந்த இடங்கள் மட்டும் புகையேறாமல் வட்டம் வட்டமாக வெளுத்திருந்தன. “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். கோமதி துணியைக் கீழே வைத்தாள்.

அடுத்த ஆவணியில் இருவரும் திருப்பூருக்குக் குடிபோனார்கள். அலமாரியை வாசுகி எடுத்துக்கொண்டாள், கதவில்லாமல். கதவு வண்டியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதியின் மடியில் இருந்தது.