தட்டினால் பத்துப் பாயிண்ட்

பூனைப் பள்ளிக்கூடத்தில் குட்டிகளுக்கு எலி பிடிக்கக் கற்றுத்தர, கடுவன் வாத்தியார் ஒரு டேப்லெட் கொண்டுவந்தார். திரையில் எலி ஓடும். பாதத்தால் தட்டினால் ‘டிங்’ என்று மணியடித்துப் பத்துப் பாயிண்ட் விழும். அந்தப் பாடத்தை எல்லாரையும்விடக் கவனமாகப் பார்த்தது, அலமாரிக்குப் பின்னால் குடியிருந்த சுண்டெலிதான்.

ஒருநாள் வடைத்துண்டு எடுக்க வந்த சுண்டெலி, குட்டிகளின் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு குட்டி பாய்ந்து வந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்து நின்றது. சுண்டெலிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

“டிங்! பத்துப் பாயிண்ட்!”

“தள்ளுடா, இப்ப நானு!” என்று அடுத்த குட்டியும் தட்டியது.

“டிங்!”

சத்தம் கேட்டு வந்த வாத்தியார், சுண்டெலியை லபக்கென்று கவ்வித் தூக்கினார்.

“ஐயோ சார், கவ்வக்கூடாது, தட்டணும்! நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?” என்று குட்டிகள் கத்தின.

பிள்ளைகள் முன்னால் மானம் போகலாமா? வாத்தியார் எலியைக் கீழே வைத்தார். ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

சுண்டெலி வடையை எடுத்துக்கொண்டு பொந்துவரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தது.

“டிங்! சாருக்கு அஞ்சு பாயிண்ட்தான். இன்னும் கொஞ்சம் பழகணும்.”