மூன்றாவது சர்வோ

மடல் மறுபடியும் நடுங்கியது.

குனிந்து பார்த்தான். கீழ் இறக்கை, வலது ஓரம். மாடல் விமானத்தைச் சாய்த்துத் திருப்புகிற, விரல் நீளத் துண்டு. ரிமோட்டின் குச்சி மேல் அவன் கட்டைவிரல் சும்மாதான் இருந்தது. தள்ளவில்லை. இழுக்கவில்லை.

ஆனாலும் துடித்தது. கரையில் போட்ட மீனின் வால் மாதிரி.

நான்கு மாத வேலை. பெட்டியில் வந்த முந்நூறு சொச்சம் மரத்துண்டுகளை ஒட்டி, தேய்த்து, துணி போர்த்தி, இரட்டை இறக்கை எழுப்பியாயிற்று. இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே கம்பி கோக்க மட்டும் ஒரு வாரம் பிடித்தது. துளை சரியாகப் போடவில்லை என்று கிட் அனுப்பியவனைத் திட்டித் தீர்த்தான்.

இன்று சாயங்காலம் உப்பளத்துக்குப் பின்னால் பறக்கவேண்டும்.

இந்த மடல் விட்டால்தானே!

முதல் சந்தேகம் சர்வோ மேல் விழுந்தது. மடலை அசைக்கிற குட்டி மோட்டார். மாற்றினான்.

நடுங்கியது.

அடுத்த சந்தேகம் பேட்டரி. புதுசு வாங்கிப் போட்டான். வயரை அறுத்துவிட்டு வேறு வயர் பற்றவைத்தான். இன்னொரு சர்வோ வாங்கினான்.

நடுங்கியது.

மூன்றாவது சர்வோவைக் காலையில் பூசை முடிந்த கையோடு கிங்ஸ்லி கொண்டுவந்து கொடுத்தான். மனைவி மெர்சலினின் தம்பி. மேசையைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். வாய் சும்மா இருக்குமா?

"சர்வோவ மாத்தியாச்சு, பேட்டரிய மாத்தியாச்சு. இனி ஓட்டுற ஆள மாத்துறதுதான் பாக்கி அத்தான்!"

அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

துறைமுகத்தில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். முப்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்குகிறவன் அவன். பத்தொன்பது வருஷமாக. அங்கேயும் இரண்டே குச்சிகள்தான். கீழே கப்பல் தளத்தில் நின்று கையசைத்து வழி சொல்கிறவன் கிங்ஸ்லி.

'எங்க அத்தான் மேல இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு நிப்பேன்.' கேண்டீனில் கிங்ஸ்லி இதைச் சொல்லாத நாளில்லை.

போன வெள்ளிக்கிழமை இருபது டன் பெட்டி ஒன்று ஒரு குலுக்குக் குலுங்கி, கிங்ஸ்லியின் ஹெல்மெட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

காரணம் காற்று என்று அறிக்கையில் எழுதி அவன் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாவது சர்வோவை மாட்டி முடித்தான். விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைக் கழற்றித் தள்ளி வைத்தான். மேசை மேல் சோதிக்கும்போது அதுதான் விதி. ரிமோட்டை எடுத்தான். விமானத்துக்குப் பின்னால் போய் நின்றான். குச்சி மேல் விரலை வைத்தான்.

நடுங்கியது.

"எங்கிட்டு இருந்துதான் வருது இந்தச் சனியன்..."

மெர்சலின் டீயோடு வந்தாள். வாங்குவதற்காக ரிமோட்டை மேசையில் வைத்தான்.

மடல் நின்றது.

டம்ளரை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது.

ரிமோட்டை எடுத்தான். விரல் வைத்தான். துடித்தது.

கீழே வைத்தான். நின்றது.

எடுத்தான்.

வைத்தான்.

வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டே போனான். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவன் தன் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருடைய விரலையோ பார்ப்பது போல.

வெள்ளிக்கிழமை கூண்டுக்கு எதிரே இருந்த கொடி ஞாபகம் வந்தது. அது கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.

அன்று காற்றே இல்லை.

"டீ ஆறுது" என்றாள் மெர்சலின்.

டம்ளரைப் பார்த்தான். முக்கால்வாசிதான் இருந்தது. நேற்றும் முக்கால்தான். ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே முக்கால்தான். சர்க்கரையைக் குறைக்கிற மாதிரி டீயையும் குறைக்கிறாள் என்று நினைத்திருந்தான்.

தளும்பாமல் இருக்க.

"எப்பருந்து தெரியும் ஒனக்கு?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

"கிங்ஸ்லிய நாளைக்கு லீவு போடச் சொல்லிட்டேன்."

"காரணம் கேட்டானா?"

"அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொன்னேன்."

நாளை காலை ஆறு மணி ஷிப்ட். பெரிய கப்பல். முந்நூறு பெட்டிக்குக் குறையாது.

டீயை இரண்டு கைகளாலும் எடுத்து ஒரு மடக்குக் குடித்தான்.

"அவன் எடத்துல யாரு நிப்பா?"

திருகாணி ஒன்று அவள் விரலிடுக்கில் அப்படியே நின்றது. தம்பிக்கு அப்புறம் அங்கே இன்னொருவன் நிற்பான் என்பது வரைக்கும் அவள் யோசித்திருக்கவில்லை.

பத்தொன்பது வருஷத்தில் அவன் போன் செய்து லீவு கேட்டது இரண்டே முறை. இரண்டும் பிள்ளை பிறந்தபோது. இது லீவு அல்ல. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், கிரேன் ஏணியில் ஏற இனி யாரும் விடமாட்டார்கள்.

போனை எடுத்தான். ஷிப்ட் அதிகாரியின் பேரைத் தொடப் போனான். விரல் பக்கத்துப் பேரில் பட்டது. அழைப்பை வெட்டினான். மறுபடியும் பட்டது.

மெர்சலின் எழுந்து வந்தாள். போனை வாங்கி, சரியான பேரைத் தொட்டு, அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மணி போய்க்கொண்டிருந்தது.

மேசையில் மடல் ஆடாமல் இருந்தது.