நூற்றறுபது கிலோமீட்டர்

சாம்பல் நிறக் காரில் ஏறி உட்கார்ந்தவள் இறங்குவதாகவே இல்லை. வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும் என்று, உட்கார்ந்த இடத்திலேயே ஒற்றைக்காலில் நின்றாள்.

கணவன் பக்கத்தில் நின்ற சிவப்புக் காரின் கதவைத் திறந்து, வேண்டுமென்றே ஓங்கிச் சாத்தினான். ஷோரூமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சாத்தினான்.

பதினோரு வருஷமாக அவர்கள் வீட்டில் இதுதான் வழக்கம். அவள் பச்சை பெயின்ட் என்றால் அவன் மஞ்சள் அடிப்பான். அவள் ஜன்னலோரம் போட்ட கட்டிலை அவன் சுவரோரம் தள்ளுவான். கிடங்கில் நாற்பது பேரை மேய்க்கிறவன் வீட்டில் ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால், அவள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்பது அவன் கட்சி. காருக்குப் பணம் அவளுடையது, பேச்சு மட்டும் அவனுடையது.

இன்றைக்கு வெறும் வீம்பு மட்டுமில்லை, காரணமும் இருந்தது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அக்கா இருக்கும் ஊரில் பெரிய பரிசோதனைக் கூடம் ஒன்று, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் பிரிவுக்கு அவளைத் தலைமையேற்கக் கூப்பிட்டிருந்தது. சொந்தக் கார் வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கூடாது என்று அவன் தட்டைத் தூக்கி எறிந்தே சொல்லியாயிற்று. அவளும் விடவில்லை. கார் இருந்தால் காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்று பத்து நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். கார் வாங்குவதில் அவனுக்கும் ஆசைதான். கிடங்கு எட்டு கிலோமீட்டர் தூரம், பஸ்ஸில் தொங்கித் தொங்கித் தோள்பட்டை கழன்றுவிட்டது.

வழுக்கைத் தலை சேல்ஸ்மேன் டீயோடு வந்தார். சார் சர்க்கரை எவ்வளவு போடுவீர்கள் என்று அவனிடம் கேட்டுக் கலக்கினார். சர்க்கரை இல்லாத டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கார்களின் பெருமையையும் பாட ஆரம்பித்தார்.

சாம்பல் ஒரு தடவை சார்ஜ் போட்டால் இருநூற்றெண்பது கிலோமீட்டர் ஓடும். சிவப்பு நூற்றறுபதுதான். விலையில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் சிவப்பில் பின்சீட்டும் டிக்கியும் கொஞ்சம் தாராளம். அவன் காதில் விழுந்தது அந்த நூற்றறுபது மட்டும்தான்.

அக்கா ஊருக்கு நூற்றுப்பத்து. போக வர இருநூற்றிருபது. அவன் மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்து, சிவப்புக்கு சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டான்.

"எட்டு மணி நேரம் ஆகும் சார். இதுல சீக்கிரம் சார்ஜ் ஏத்துற வசதி கிடையாது."

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இதையே எடுத்துக்கொள்கிறோம் என்றான்.

அவள் காரை விட்டு இறங்கி வந்தாள். சிவப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இது காரா கோழிக்கூண்டா என்று கேட்டாள். கோழிக்குக் கூண்டு போதும் என்றான் அவன். சேல்ஸ்மேன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"இதுல போனா ஒரே நாள்ல திரும்பி வர முடியாது. உங்களுக்கும் தெரியும்."

"உன்னை யாரு போகச் சொன்னது?"

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். சேல்ஸ்மேன் மெதுவாகக் குறுக்கே வந்து, சாம்பலுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், சிவப்பு கைவசம் தயாராக நிற்கிறது, தற்காலிகப் பதிவில் இன்றைக்கே எடுத்துப் போகலாம் என்றார். இரண்டு மாதமானாலும் காத்திருப்பேன் என்றாள் அவள். அது போதும் அவனுக்கு. பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தான்.

பெண்கள் பெயரில் எடுத்தால் பதிவுக் கட்டணத்தில் சலுகை உண்டாம். அதையும் விடுவானேன் என்று அவள் பெயரிலேயே எழுதச் சொன்னான். கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவள் தலை நிமிரவில்லை. அழுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் அவன் மனசு குளிர்ந்தது.

வெளியே வெயிலில் சிவப்புக் கார் பளபளத்தது. அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்த்தான். அவள் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். ஏறட்டும், வீடுவரை ஓட்டட்டும், நாளையிலிருந்து சாவி தன் பையில்தானே என்று நினைத்துக்கொண்டு மறுபக்கக் கதவை இழுத்தான். திறக்கவில்லை.

சேல்ஸ்மேன் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தார்.

"ஃபுல் சார்ஜ் இருக்கு மேடம். முந்தாநாள் நீங்க வந்து இந்தச் சிவப்புதான் வேணும்னு சொன்னதுமே, வேற யாருக்கும் காட்டாம எடுத்து வெச்சிட்டேன்."

அவனுக்கு முகம் செத்துவிட்டது. கதவைப் பிடித்து இரண்டு மூன்று தடவை உலுக்கினான். அப்புறம்தான் அந்த நூற்றறுபது ஞாபகம் வந்து கொஞ்சம் தைரியம் வந்தது. கண்ணாடியில் முகத்தை வைத்துக் கத்தினான்.

"போ. நல்லாப் போ. அங்கேயிருந்து எப்படித் திரும்பி வர்றேன்னு நானும் பார்க்கறேன்."

அவள் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

"போறதுக்குப் போதும்."