துரை விட்டுப்போன பென்ஸ்

ஒர்க்‌ஷாப் வாசலில் இன்பமேரி குடையை மடக்குவதைப் பார்த்ததுமே மெக்கானிக் ஜோபி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கே அவனுக்கு வேலை எதுவும் இல்லை. வண்டி முந்தின நாளே முடிந்துவிட்டது.

போன தடவை அவள் வந்தபோது பீர்மேடு கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. என் புருஷனுடைய கிராஜுவிட்டியை உறிஞ்சிக் குடிக்கிறவன் என்று அவனையும், இரும்பு மூதேவி என்று காரையும் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஏலப்பாறை எஸ்டேட்டில் எப்போதோ இருந்த மேனேஜர் துரை விட்டுப்போன பென்ஸ் அது. பங்களாவுக்குப் பின்னால் கூரை சரிந்த ஷெட்டில் கிடந்து, கோழிகள் முட்டையிடும் இடமாக மாறியிருந்தது. எஸ்டேட்காரர்கள் அதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டபோது, டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையரான இன்னாசிராஜ் வாங்கிக்கொண்டார்.

வாங்கியது மலிவுதான். ஓட வைப்பது அப்படி இல்லை. சீட்டுக்குத் தோல் பெங்களூரிலிருந்து வந்தது. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஆன்மேரி யார் யாரையோ பிடித்து ஜெர்மனியிலிருந்து கார்புரேட்டர் வரவழைத்தாள். முலாம் பூச பம்பர் கோயம்புத்தூர் போனது. அதோடு அரை ஏக்கர் ஏலத்தோட்டமும் அடகுக்குப் போனது.

ஒவ்வொரு செலவுக்கும் இன்பமேரி ஒரு சண்டை போட்டாள். ஒவ்வொரு சண்டைக்கும் மறுநாள் இன்னாசிராஜ் முன்னைவிட விறைப்பாக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். உப்புத்தாள் தேய்ப்பதும் நட்டு முடுக்குவதுமாக இருந்துவிட்டு, இருட்டியபின் கடைசி பஸ்ஸில் திரும்புவார்.

ரிட்டையரான முதல் வருஷம் அவரை யார் யாரோ கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வீட்டில் விட்டிருக்கிறார்கள். கார் வந்தபிறகு அவர் தானே நடந்து வந்தார், கிரீஸ் வாசனையோடு. அதைப் பற்றி இன்பமேரி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கிரீஸ் கறை எத்தனை அடித்துத் துவைத்தாலும் போகவில்லை என்பதைத்தான் அண்டை வீடுகளுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது கோட்டயத்திலிருந்து ஒரு ரிசார்ட் முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நாளைக் காலை முழுப் பணத்தோடு வருகிறார். அவர் சொன்ன விலையில் செலவழித்ததெல்லாம் திரும்பி, தோட்டத்தையும் மீட்டு, மேற்கொண்டு கையிலும் நிற்கும். இன்னாசிராஜ் நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்து அதை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். அவள் மீன் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். தோற்றுப்போன கோபம் என்று எடுத்துக்கொண்டு, இன்று காலையில் வண்டியோடு எடுக்கப்போகும் போட்டோவுக்காக முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பிவிட்டார்.

ஜோபி காருக்கடியில் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இன்பமேரியின் செருப்பு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அவன் தலைமாட்டில் வந்து நின்றது. வெளியே வந்தான்.

வண்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டாள். குட்டிக்கானம் வரை போய்வந்ததையும், ஏற்றத்தில் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஏறியதையும் அவன் உற்சாகமாகச் சொன்னான். நம்பிக்கை வராதவள் போல் கேட்டுக்கொண்டே, பானெட்டின் கருநீலத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். அந்தக் காரை அவள் தொட்டு ஜோபி பார்த்ததில்லை.

"இனி உங்களுக்கு ஒரு கவலையும் இல்லக்கா. நாளைக்குப் பார்ட்டி வந்து எடுத்துட்டுப் போயிரும்" என்றான்.

காலையில் அழகுமலை வீட்டுக்கு வந்திருந்ததாகச் சொன்னாள். இன்னாசிராஜோடு ரிட்டையரானவர் அவர். வண்டி ஷெட்டைவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் தலைகாட்டாதவர், இன்று வலிய வந்து, நாளைக்கு வியாபாரம் முடிந்ததும் பழையபடி கள்ளுக்கடையில் உட்காரலாம் என்று சொல்லச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஜோபிக்குப் பிடிபடவில்லை. "நீங்கதானக்கா இந்த வண்டியைத் தலைமுழுகுங்கன்னு இத்தனை நாளும் சண்டை போட்டீங்க?"

"நான் வேணாம்னு சொன்னாத்தான அவுக வீம்புக்குச் செய்வாக" என்றாள் இன்பமேரி.

வெளியே ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் வாசல் பக்கம் திரும்பி, யாரும் வரவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சீட்டில் எடுத்த பணத்தை வெளியே எடுத்தாள்.

"வண்டி போயிருச்சுன்னா, சாயங்காலம் அவுக எங்க போவாகன்னு உனக்குத் தெரியாதா?"

ஜோபி துணியால் கையைத் துடைப்பதை நிறுத்தினான். பளபளத்து நின்ற வண்டியை ஒரு தடவை பார்த்தான், அவளை ஒரு தடவை பார்த்தான். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான்.

"எஞ்சினைக் கழட்டிப் போட்டுரு தம்பி, கூலி நான் தாரேன்."