யார் முன்னால் போவது?

ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்த பழைய ஊருக்குச் சுற்றுலா போவது பற்றி, கார் சங்கத்தின் மூன்று கார்களும் ஷெட்டில் கூடிப் பேசின. குட்டி நீலக் காருக்கு அந்த ஊரை எப்படியாவது பார்த்துவிட வேண்டும்.

“மெதுவா ஓடுறவங்கதான் முன்னாடி போகணும். அப்பத்தான் யாரும் பின்தங்க மாட்டாங்க,” என்றது தலைவரான கறுப்புக் கார். “நம்மள்ல யாருப்பா ஸ்லோ?”

“என்னை ஏன் பாக்குறீங்க? நான் டாப் கியர்லயே மலை ஏறினவன்!” என்றது சிவப்புக் கார்.

“அப்போ நான் என்ன மாட்டு வண்டியா?” என்று கறுப்பு சீறியது.

பேச்சு முற்றி, பயணமே நின்றுபோகும் போலிருந்தது. நீலக் கார் மெல்லச் செருமியது.

“நான்தாங்க ஸ்லோ. கிளம்பலாமா?”

மற்ற இரண்டும் நிம்மதியாகப் பின்னால் வந்தன. பந்தய ஊரின் எல்லையில் நின்ற கூட்டம் கைதட்டிக் கூவியது: “நீலம்தான்டா ஃபர்ஸ்ட்டு!”

பின்னால் இரண்டு ஹாரன்கள் விடாமல் அலறின.