புதுக் காரின் முன் முழங்காலில்

ஆலய வாசலில் மழை கொட்டுகிறது. சற்றுமுன் உள்ளே, விக்கிரக ஆராதனை கூடாதென்ற பிரசங்கத்துக்கு உரக்க ஆமென் சொன்ன பேக்கரிக்காரர், நனைந்தபடியே தன் புதுக் காரின் முன் முழங்காலில் நின்று சக்கரத்துச் சேற்றைத் துடைக்கிறார். அந்தக் காருக்குள் யாரும் செருப்போடு ஏறக்கூடாது. கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். குடையோடு வந்த மனைவி குனிகிறாள். “ஜெபத்துல மட்டும் முட்டி வலிக்குதுன்னு நாற்காலி கேப்பீங்களே, இப்ப வலிக்கலையா?” துணி அந்தரத்தில் நிற்கிறது. அவர் தன் முழங்காலைப் பார்க்கிறார்; பளபளக்கும் கதவில் தெரியும் தன் முகத்தைப் பார்க்கிறார்; வயிறு குலுங்கச் சிரிக்கிறார். எழுந்து எல்லாக் கதவையும் விரியத் திறந்து, மழைக்கு ஒதுங்கி நிற்கும் பாடகர் குழுவைக் கூப்பிடுகிறார். முதலில் ஓடிவரும் பெண் வழக்கம்போலக் குனிந்து செருப்பைக் கழற்றப் போகிறாள். “அட, போட்டுக்கிட்டே ஏறும்மா! இது வெறும் காருதான்.”